திரும்பிப் போய்த் தொடு!

எல்லாரும் எழும்பிக் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கணவர் மட்டும் கத்தினார்.

"கோ பாக்! டச் இட்!"

திரும்பிப் போய்த் தொடு என்று. மெல்பேர்னில் குளிர்காலம் முடிகிற ஒரு சனிக்கிழமை அது. கல்லூரிகளுக்கு இடையிலான பேஸ்பால் இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமன், கடைசிச் சுற்று. எங்கள் கல்லூரி அணியில் டேவ் என்றொருவன் ஓடி வந்து, சேற்றில் சறுக்கி, நிலத்தில் பதித்திருந்த வெள்ளைத் தட்டைத் தாண்டிப் போய் விழுந்தான். அந்தத் தட்டைத் தொட்டால் ஓர் ஓட்டம். அந்த ஓட்டத்தோடு கிண்ணம் எங்களுக்கு.

நான் காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். கண்ணாடியை இறக்கிக் கைதட்டத் தொடங்கிவிட்டேன். நடுவர் அவுட் என்று கையைத் தூக்கவும் இல்லை, ஓட்டம் என்று விரிக்கவும் இல்லை. சும்மா நின்றார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற எதிரணிக் கேட்சர்கூடத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். பந்து அவன் கையில்தான் இருந்தது.

இவருடைய சத்தம் கேட்டதும் அவன் நின்றான். டேவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். டேவ் தட்டை நோக்கித் தவழ்ந்தான். கேட்சர் பாய்ந்து பந்தை அவன் முதுகில் வைத்தான். நடுவர் இப்போது கையைத் தூக்கினார். அவுட்.

சமன் என்பதால் இன்னொரு சுற்றுக் கொடுத்தார்கள், அதில் அவர்கள் ஓர் ஓட்டம் எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு வாய்க்கும் எட்டியது, விழுங்க வேண்டியதுதான் பாக்கி.

வெறும் கிண்ணம் என்றால் இந்த வயதில், இந்த முழங்கால் வலியோடு, நான் இதைக் குந்தியிருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த ஓட்டத்தில் இவருடைய வேலை இருந்தது.

வேலியைத் தாண்டி வந்த பந்து

போன கிழமை வந்த என் கட்டுரையைப் படித்துவிட்டு, மெல்பேர்ன் புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் பேசினார். தமிழ்நாட்டுப் பிள்ளை.

"ஆன்ட்டி, அங்கிள் என்ன வேலை பார்த்தார்னு எழுதவே இல்லையே?"

"பேஸ்பால் கோச்" என்றேன்.

"பேஸ்பாலா? நம்ம ஆளா?"

ஓம் பிள்ளை, நம்ம ஆள்தான். இன்றைக்குப் பொயிண்ட் குக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழவேண்டும். நாங்கள் வந்த எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் காரில் பெட்ரோல் அடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். பொயிண்ட் குக் பக்கம் வெறும் புல்லும் காற்றும்தான்.

யாழ்ப்பாணத்தில் இவர் கணித ஆசிரியர். பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணியும் இவர் பொறுப்பில்தான் இருந்தது. சந்தையில், கோயில் வீதியில், பஸ்ஸில், எங்கே போனாலும் "சேர்" என்று நாலு பேர் எழும்பி நிற்பார்கள். எனக்கு அந்தப் பெருமையில்தான் தாலி ஏறியது என்று சொன்னால் பொய்யில்லை.

மெல்பேர்னில் அந்தச் சான்றிதழை ஒருவர் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இங்கே செல்லாது" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். இவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். காலை வேலை. இரும்புத் தகட்டை யந்திரத்துக்குள் வைப்பது, எடுப்பது, வைப்பது, எடுப்பது.

பின்னேரங்களில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஏதோ ஒரு வகுப்பு எடுத்துப் படித்தார். ஒருநாள் வகுப்புக்குப் போகிற வழியில் மைதானத்து வேலியைத் தாண்டி ஒரு பந்து வந்து இவர் காலடியில் விழுந்திருக்கிறது. கையில் சாப்பாட்டுப் பெட்டி, தோளில் பை. இவர் பையைக் கீழே வைக்காமலே பந்தை எடுத்து எறிந்தார். எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு எறிகிற எறி. அது நேரே போய்க் கல்லூரி அணிக் கேட்சரின் கையுறைக்குள் விழுந்ததாம். கேட்சர் கையை அசைக்கவே இல்லையாம்.

இதை எனக்குச் சொன்னவர் கென். கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். சிவந்த முகம், பெரிய குரல், நல்ல மனிதர். "சிவா" என்பார் இவரை. சிவஞானம் என்கிற பெயரில் அவருக்கு அவ்வளவுதான் வாயில் நின்றது.

அந்தக் காலத்தில் இங்கே பேஸ்பால் குளிர்கால விளையாட்டு. கோடையில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் கையும் காலும் பிடித்துப்போகாமல் இருக்கக் குளிரில் அதை ஆடுவார்கள். கல்லூரியில் அணி இருந்தது, பழக்க ஆள் இல்லை. கென் கேட்டார். இவர் ஓமென்றுவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்டாரா? இல்லை. இவருக்கு யார் எதைக் கேட்டாலும் ஓம்தான். பெண்டாட்டி கேட்டால் மட்டும் "பாப்பம்".

தேவாரம்போல் பாடம்

முதல் வருடம் இவருக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்திலிருந்து விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். குசினி மேசையில் வைத்துச் சோதனைக்குப் படிப்பதுபோல் படித்தார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பேன், இவர் எனக்கு எதிரில் இருந்து விதி சொல்லுவார்.

"என்னப்பா, இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

"சொன்னாத்தானே மனசில நிக்கும்."

கடைசியில் தேவாரம்போல் பாடமாகிவிட்டது. நடுவர்களே இவரிடம் வந்து கேட்கிற நிலைமை. எனக்கும் பாதி பாடம். இன்றைக்கும் கேட்டால் சொல்வேன், ஆர் கேட்கப்போகினம்?

ஆனால் விதியை விட ஆழமாய் ஒரு பழக்கம் இவர் இரத்தத்தில் இருந்தது. அது யாழ்ப்பாணத்து மைதானத்தில் வந்தது. கிரிக்கெட்டில் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவசரத்தில் வைக்காமல் திரும்பினால் ஓட்டம் குறைவு. இவருடைய பள்ளிக்கூடத்தில், வைக்கவில்லை என்று தெரிந்தால் நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் திரும்பிப் போய் வைத்துவிட்டு வர வேண்டும். ரன் அவுட் ஆனாலும் சரி. அப்படி ஆட்டமிழந்து வருகிறவனுக்குத்தான் இவர் முதுகில் தட்டுவார்.

அதையே இங்கேயும் கொண்டுவந்தார். பேஸ்பாலில் நாலு இடத்தைத் தொட்டு ஓட வேண்டும். பயிற்சியில் எவனாவது ஓரிடத்தைத் தொடாமல் தாண்டினால் இவர் குரல் வரும். திரும்பிப் போய்த் தொடு. மழையில், பனியில், ஆறு குளிர்காலமும் அதே குரல். பையன்கள் மதுக்கடையில்கூட ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். பகிடிதான், ஆனால் ஒருவனும் தொடாமல் போகமாட்டான்.

கடைசியாகக் கிடந்த அணி மெல்ல மெல்ல மேலே வந்தது. நான் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமை என்றால் இவர் வீட்டில் இல்லை. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை. ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டால் நான் தனியே போய் "அவருக்கு மட்ச்" என்று இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். சேற்று உடுப்பு, ஈரச் சப்பாத்து, இருமல். சம்பளம் என்று பேருக்கு ஏதோ. இவருக்கு வீட்டு ஞாபகம் வரட்டும் என்று நான் பேசாத பேச்சில்லை.

"ஒரு நாளைக்கெண்டாலும் உவங்களுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோவன்!"

"அடுத்த வருசம் பாப்பம், பரமேசு."

கென் கொண்டுவந்த கதை

ஆறாவது குளிர்காலத்தில் கென் வீட்டுக்கு வந்தார். கல்லூரி ஒரு முழுநேர விளையாட்டு ஆசிரியரை எடுக்கப் போகிறதாம். அணியும் அவர் பொறுப்புத்தான். சிவாவின் சான்றிதழ் ஒரு தடைதான், ஆனால் கிண்ணத்தைக் கொண்டுவந்தால் தெரிவுக் குழுவில் ஒருவரும் சான்றிதழைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்றார்.

ஆசிரியர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். தகடு வைப்பதும் எடுப்பதும் முடிந்துவிடும். இவரை மறுபடியும் "சேர்" என்று ஆராவது கூப்பிடுவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தப் பேஸ்பாலுக்காக நல்லூர் முருகனிடம் மன்றாடினேன். இறுதி ஆட்டத்துக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு காருக்குள் போய் இருந்ததும் அதற்காகத்தான்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

வீட்டுக்கு வரும் வழியில் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறீர்களா?

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! நடுவர் பேசேல்லை, அவங்கள் பேசேல்லை, உங்களுக்கென்ன வந்தது? வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா கிண்ணம் எங்கட!"

"அவன் தொடேல்லை, பரமேசு."

"நீங்கள் மட்டும்தான் பார்த்தனீங்கள்!"

"அதுதானே சொல்லுறன். நான் பார்த்தனான்."

இப்படிப்பட்ட மனிதரோடு என்னத்தைப் பேசுவது? நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தநாளே கென் வந்தார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"தோத்தது பெரிய விசயம் இல்லை, சிவா. வெண்ட ஆட்டத்தைக் கையால தூக்கிக் குடுத்ததுதான் குழுவுக்குப் பிடிக்கேல்லை. எதிரணி கேட்காட்டி ஓட்டம் செல்லும் எண்டது விதி. அந்த விதி தெரியாது எண்டு நேர்முகத்தில ஒரு சொல் சொல்லு, போதும். சிலோன்ல இருந்து வந்தவர், கிரிக்கெட் ஆள், தெரியாமச் செய்திட்டார் எண்டு எல்லாரும் விட்டிடுவினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. இவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். கென் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ. ஒரே ஒரு சொல்லு. 'தெரியாது.' ஆருக்கு நட்டம்? உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும், கென்னுக்குத் தெரியும், முருகனுக்கும் தெரியும். அந்தக் குழுவுக்குத் தெரியாட்டி என்ன?"

"பாப்பம்" என்றார்.

வாங்கில் காத்திருந்தது

நேர்முகத்தன்று நானும் போனேன். கூறைச்சேலை ஒன்றுதான் உடுக்கவில்லை. நல்ல நீலச் சேலை, மேலே கம்பளிச் சட்டை. கல்லூரி அதிபரின் அறைக்கு வெளியே, இருந்து காத்திருக்க ஒரு மர வாங்கு. இவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், அன்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்க டேவையும் கூப்பிட்டார்கள். அவன் வயது வந்தவன், நில அளவையாளர் படிப்பை முடிக்கப் போகிறவன், அணித் தலைவன். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

தளத்துக்குப் பூசிய மெழுகின் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

இவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன்.

"சொன்னனீங்களோ?"

"ஓம்."

"தெரியாது எண்டோ?"

"தெரியும் எண்டு."

"ஐயோ, பிழைக்கத் தெரியாத மனிசனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் காரை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லத்தான் போனனான், பரமேசு. சத்தியமா. வாய் வரைக்கும் வந்தது. அப்ப டேவைக் கூப்பிட்டு எனக்குப் பக்கத்துக் கதிரையில இருத்தினாங்கள். எனக்குத் தெரியாது எண்டு நான் சொன்னா, இவ்வளவு வருசமும் அவங்கள் ஒண்டும் தெரியாதவனிட்டப் பழகினவங்கள் எண்டெல்லோ ஆகும்? கடைசி ஆட்டத்தை ஒரு மொக்கன்ர சொல்லைக் கேட்டுத் தோத்தவன் எண்டெல்லோ அவன் காலம் முழுக்க இருக்கவேணும்?"

நான் நெற்றியிலிருந்து கையை எடுத்தேன்.

"இந்த நாட்டில என்னை ஒண்டும் தெரியாதவன் எண்டு நினைக்காத ஆக்கள் அந்தப் பெடியள் மட்டும்தான்" என்றார். காரை எடுத்தார்.

அவர் மேல் எனக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு திட்ட நாக்கு எழும்பவில்லை. வேலை பீற்றர் என்கிற ஓர் இளைஞனுக்குப் போனது. உடற்கல்வியில் பட்டம் எடுத்தவன். நல்ல பிள்ளை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நான் கேட்ட சனிக்கிழமைகள்

அந்தக் கோடையில் இவர் சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தார். நான் வருடக்கணக்காகக் கேட்ட வரம். சாமி கொடுத்துவிட்டது.

புல்லு வெட்டினார். வெட்டின புல்லையே மறுபடியும் வெட்டினார். விருந்துக்குக் கூப்பிட்டால் வந்து மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். ஆரும் பேசினால் பேசினார். வானொலியில் கிரிக்கெட் போனால் நிறுத்திவிடுவார். மத்தியானம் படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"என்ன கறி வைக்க?" என்று கேட்டால் "ஏதோ ஒண்டு" என்பார். மீன்குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடினாலே கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிதர். உப்பே போடாமல் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

திங்கட்கிழமை வந்தால் டண்டினொங். தகடு வைப்பது, எடுப்பது. முன்பும் அதே வேலைதான் செய்தார். ஆனால் அப்போது வேலைக்குப் போகும்போது மேல் சட்டைப் பையில் பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கும், யாரை எங்கே நிறுத்தலாம் என்று கீறுவதற்கு. இப்போது பை வெறுமையாக இருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடதாசியும் மைதானமும்

இலை உதிரத் தொடங்கின ஒரு பின்னேரம் கென் வந்தார். முன்னறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். காது முழுக்க முன்னறையில்.

பீற்றருக்குப் பெடியன்கள் அடங்குகிறார்கள் இல்லையாம். அவனுக்குப் பேஸ்பாலும் சரியாக வராதாம். சனிக்கிழமைகளில் சிவா வந்து கொஞ்சம் உதவி செய்யலாமா என்று கேட்டார். சம்பளம் பற்றிப் பேச்சில்லை. எனக்குத் தேத்தண்ணியை விடக் கூடுதலாகக் கொதித்தது. வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேலையைப் பழக்க இவரையே கூப்பிடுகிறார்கள்! ஓம் என்பாரே, இப்போது ஓம் என்பாரே என்று கரண்டியோடு நின்றேன். சொல்லட்டும், இன்றைக்கு இரண்டிலொன்று.

"இல்லை, கென்" என்றார் இவர். "எனக்கு ஏலாது. களைச்சுப் போனன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை சண்டை பிடித்தேன், எத்தனை நாள் பேசாமல் இருந்தேன். வந்துவிட்டது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பேசாமல் விட்டிருப்பேன்.

தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். கென் எழும்பப் போனார். கையைக் காட்டி இருத்தினேன். என்னுடைய இங்கிலீசு அப்போது கடைக்கு மட்டும்தான் போதும். இருந்ததை எடுத்து வைத்தேன்.

"ஹி வில் கம்" என்றேன். "பட் நோ ஹெல்ப்பர். பேப்பர், பீற்றர். கிரவுண்ட், மை ஹஸ்பண்ட்."

கடதாசியில் பெயர் பீற்றருக்கு இருக்கட்டும், மைதானத்தில் இவர் சொல்லுத்தான் என்று அர்த்தம். கென் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரி என்று.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கலியாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"பரமேசு, உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்" என்றேன். கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி இல்லை, சேலைத் தலைப்பால் துடைத்தேன். "சனிக்கிழமை எத்தினை மணிக்கு வரோணும் எண்டு அந்த மனிசனிட்டக் கேளுங்கோ."